கடை பார்க்கிங்கில் சீசன் செடி விற்பனை: அமெரிக்க நகர அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் பல ஊர்களில் மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை வாசல்களில் தக்காளி நாற்றும் பெட்டூனியா தொட்டியும் மண்ணை மூடப் பரப்பும் மல்ச் மூட்டையும் வந்து இறங்கிவிடும். பார்ப்பவருக்குச் சும்மா கிடந்த ஒரு மூலையில் கடை போட்டது போலத் தோன்றும். நகராட்சியின் கணக்கில் பார்க்கிங்கில் சும்மா கிடக்கும் இடம் என்று எதுவும் இல்லை. ஒரு பகுதி வாடிக்கையாளர் காருக்கு, ஒரு பகுதி தீயணைப்பு வண்டிக்கு, ஒரு பகுதி சக்கர நாற்காலியில் வருபவர் இறங்க, ஒரு பகுதி மழைநீர் வடிய என்று எல்லாமே முன்பே ஒதுக்கப்பட்டவை. அந்த வேலைகளில் ஒன்றும் கெடாமல் செடி விற்க முடியும் என்று ஒரு வரைபடத்தில் காட்டுவதுதான் அனுமதி வாங்குவதன் சாரம்.

கடையும் பார்க்கிங்கும் எங்கள் சொந்தம். அப்போதும் அனுமதி வேண்டுமா?

பெரும்பாலான ஊர்களில் வேண்டும். உங்கள் கட்டடம் கட்டப்பட்டபோது நகராட்சி ஒரு சைட் பிளானுக்கு ஒப்புதல் தந்திருக்கும். எத்தனை கார் கட்டங்கள், வண்டி போகும் பாதை எங்கே, மரம் நட்ட திட்டு எங்கே என்று அதில் வரைந்திருக்கும். பார்க்கிங்கில் வேலி போட்டுப் பொருள் விற்றால் அந்தப் பிளானை மாற்றுகிறீர்கள். சில மாதங்களுக்கு மட்டும் மாற்றுவதால் அதற்கென்று டெம்பரரி யூஸ் பெர்மிட் என்ற தற்காலிகப் பயன்பாட்டு அனுமதி இருக்கிறது. சீசனல் சேல்ஸ் பெர்மிட், அவுட்டோர் சேல்ஸ் பெர்மிட் என்று பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

கடைச் சுவரை ஒட்டிய நடைபாதையில் நாலு ரேக் வைப்பதைப் பல ஊர்கள் தனி அனுமதி இல்லாமலேயே விடுகின்றன. நடக்க வழி இருக்க வேண்டும், கதவு மறையக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் தேவை சின்னது என்றால் முதலில் நடைபாதை விதியைப் படியுங்கள். பார்க்கிங்கில் கால் வைக்காமலே வேலை முடிந்துவிடலாம்.

பழைய ஒப்புதலில் திறந்தவெளி விற்பனை கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். குடியிருப்பை ஒட்டிய கடைகளுக்கு இப்படி ஒரு வரி இருப்பது சாதாரணம். அது இருந்தால் தற்காலிக அனுமதி உதவாது, அந்த நிபந்தனையையே திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

கடை நகர எல்லைக்குள் இருந்தால் எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் நகரத்தின் பிளானிங் அல்லது ஜோனிங் துறை. எல்லைக்கு வெளியே என்றால் கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம், சில மாநிலங்களில் அதற்குள் உள்ள டவுன்ஷிப். தபால் முகவரியை நம்பி முடிவு செய்யாதீர்கள். முகவரியில் நகரத்தின் பெயர் இருந்தும் நிலம் கவுன்டியின் கீழ் இருக்கும் இடங்கள் ஏராளம். சொத்துவரிக்கு நிலத்தை மதிப்பிடும் கவுன்டி அசெஸரின் இணைய வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைப் போட்டால் எந்த ஆட்சி எல்லை, எந்த ஜோன் என்று தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் அந்த மனை எண்ணையும் கேட்பார்கள்.

விண்ணப்பத்தை வாங்குவது பிளானிங் துறை என்றாலும் அதைத் தீப் பாதுகாப்பு அதிகாரியான ஃபயர் மார்ஷல், கட்டடத் துறை, பொதுப்பணித் துறை என்று மூன்று நான்கு பேர் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

கடை வாடகையில் இருக்கிறது. உரிமையாளர் வாய்மொழியாகச் சரி என்றால் போதுமா?

போதாது. நில உரிமையாளரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் பெரும்பாலும் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில ஊர்கள் நோட்டரி முத்திரையும் கேட்கும். கடிதத்தில் மனை எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பார்க்கிங்கின் எந்தப் பகுதி என்று மூன்றும் இருக்கட்டும்.

ஷாப்பிங் சென்டர் என்றால் இன்னொரு தடை உண்டு. அங்குள்ள பெரிய கடைகள் நிலத்தைப் பகிரும்போதே பொது இடத்தை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று தங்களுக்குள் ஓர் ஈஸ்மென்ட் ஒப்பந்தம் போட்டிருக்கும். பெரிய கடைக்கு முன்னால் உள்ள பார்க்கிங்கில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்ற விதி அதில் இருக்கலாம். நகராட்சி இதைப் பார்ப்பதில்லை, அனுமதி கொடுத்துவிடும். லாரி வந்து செடி இறங்கிய பிறகு பக்கத்துக் கடையின் வக்கீல் கடிதம் வரும். உரிமையாளரிடம் அந்த ஒப்பந்தத்தின் பார்க்கிங் பகுதியை மட்டுமாவது காட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் முன்பு தொடங்க வேண்டும்?

ஏப்ரலில் திறக்க ஜனவரியில் தொடங்குங்கள். அலுவலகத்தில் காகிதம் நகரும் நேரத்தைவிட, உரிமையாளர் கடிதம், இன்சூரன்ஸ் சான்றிதழ், கூடாரத் துணியின் சான்றிதழ் ஆகிய மூன்றும் உங்கள் கைக்கு வரும் நேரம்தான் அதிகம். வசந்தத்தில் எல்லாக் கடைகளும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சைட் பிளானில் என்னென்ன இருக்க வேண்டும்? பொறியாளர்தான் வரைய வேண்டுமா?

பெரும்பாலும் பொறியாளர் வேண்டாம். அளவுக்கு வரைந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். வான்வழிப் படத்தை அச்சிட்டு அதன்மேல் சிவப்புப் பேனாவில் ஒரு கட்டம் போட்டு அனுப்புவதுதான் திரும்பி வரும் விண்ணப்பங்களின் பொதுவான குறை. அந்தச் சிவப்புக் கட்டம் 40 அடியா 70 அடியா என்று யாருக்கும் தெரியாது. நகராட்சியிடம் உங்கள் பழைய சைட் பிளானின் நகலைக் கேட்டு வாங்கி அதன்மேல் வரையுங்கள். கட்ட எண்ணிக்கை, வாசல், தீயணைப்பு நீர்க் குழாயான ஹைட்ரன்ட் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். பிறகு டேப் எடுத்துக்கொண்டு நேரில் ஒருமுறை அளந்து சரிபாருங்கள். பல ஆண்டுகளில் கோடுகளை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

விற்பனைப் பகுதியின் நீளம் அகலம், வேலி, நுழைவழி, வெளிவழி, பணம் வாங்கும் இடம், கூடாரம் இருந்தால் அதன் அளவும் கயிறு கட்டும் இடமும், மூட்டை அடுக்கும் பகுதி, லாரி வந்து இறக்கும் பாதை, ஹைட்ரன்ட், தீயணைப்பு வண்டிக்கான பாதையான ஃபயர் லேன், மழைநீர் வடிகால் மூடிகள், ஊனமுற்றோர் கட்டங்கள், அங்கிருந்து கடை வாசலுக்கு நடக்கும் வழி, தெரு வாயில் ஆகியவை அதில் தெரிய வேண்டும். எடுக்கும் கட்டங்களைக் கோடிட்டு, மொத்தம் எத்தனை, எடுப்பது எத்தனை, மிச்சம் எத்தனை, விதிப்படி தேவை எத்தனை என்று ஒரு சிறு அட்டவணையை மூலையில் போடுங்கள். அதிகாரி முதலில் தேடுவது அந்த அட்டவணையைத்தான்.

எத்தனை பார்க்கிங் கட்டங்களை எடுக்கலாம்?

கட்டாயக் குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை 20,000 சதுர அடி. ஊர் விதி 1,000 சதுர அடிக்கு 4 கட்டம் என்றால் தேவை 80. உங்களிடம் 96 இருந்தால் உபரி 16. கட்டம் 9 அடிக்கு 18 அடி என்றால், முதுகோடு முதுகாக இருக்கும் இரட்டை வரிசையில் எட்டெட்டுக் கட்டங்கள் சேர்ந்து 72 அடிக்கு 36 அடி, அதாவது 2,592 சதுர அடி. பதினாறும் சரியாகப் போய்விட்டன என்று தோன்றும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மல்ச் மூட்டை வாங்கியவர் காரை நிறுத்தி ஏற்ற இரண்டு கட்டமாவது வேண்டும். தள்ளுவண்டிகளைத் திரும்ப விட ஓர் இடம் வேண்டும். இதற்கு ஒதுக்காவிட்டால் கார்கள் ஓடும் பாதையிலேயே நின்று ஏற்றும், அது ஃபயர் லேனாகவும் இருந்தால் முதல் வாரமே புகார் போகும். ஆறு ஆறாக 12 கட்டங்களில், 54 அடிக்கு 36 அடியில், விற்பனைப் பகுதியை அமையுங்கள். மிச்ச நான்கில் இரண்டு ஏற்றுவதற்கு, ஒன்று தள்ளுவண்டிக்கு, ஒன்று கையிருப்பு. 1,944 சதுர அடி நாற்றும் தொட்டியும் வைக்கத் தாராளம்.

சில நகரங்கள் குறைந்தபட்ச பார்க்கிங் விதியையே எடுத்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ 2017இலும் டெக்சஸின் ஆஸ்டின் 2023இலும் எடுத்தன. கலிஃபோர்னியாவில் 2023 முதல் முக்கியப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இந்த விதியைப் பெரும்பாலும் விதிக்க முடியாது. அங்கெல்லாம் இந்தக் கணக்கு தளரும். தீ விதியும் ஊனமுற்றோர் விதியும் தளராது.

ஊனமுற்றோர் கட்டங்களைத் தற்காலிகமாக வேறு இடத்துக்கு மாற்றலாமா?

வேண்டாம். அவை கடை வாசலுக்கு மிக அருகிலுள்ள வழியில் இருக்க வேண்டும் என்பது ஏ.டி.ஏ. எனப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின் தரம். நகர அனுமதி அதை மாற்ற முடியாது. 76 முதல் 100 கட்டங்கள் உள்ள பார்க்கிங்கில் 4 கட்டங்கள் இதற்கு வேண்டும், 101 முதல் 150 வரை 5. ஆறுக்கு ஒன்று வேன் நிற்கும் அளவில் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை ஒட்டிக் கோடு போட்ட பகுதி குறைந்தது 60 அங்குல அகலம். வேனிலிருந்து இறங்கும் சாய்தளம் விரிவது அங்கேதான். சின்ன இடம்தானே என்று அங்கே நான்கு ரோஜாத் தொட்டியை வைத்துவிட்டால், ஒருவர் தன் வண்டிக்குள்ளேயே இருந்துவிட வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செடிகளுக்கு நடுவிலும் வழி வேண்டும். குறைந்தபட்சம் 36 அங்குலம். இலைகள் விரிந்து, தண்ணீர்க் குழாய் குறுக்கே கிடந்தால் 36 அங்குலம் இரண்டே நாளில் 28 ஆகிவிடும். 48 அங்குலம் விட்டு அடுக்குங்கள். பணம் வாங்கும் மேசையில் 36 அங்குலத்துக்கு மேல் உயராத ஒரு பகுதி இருக்கட்டும்.

ஃபயர் மார்ஷல் எதைப் பார்ப்பார்?

பெரும்பாலான மாநிலங்கள் இன்டர்நேஷனல் ஃபயர் கோடு என்ற மாதிரி விதியைத் தங்களுக்கேற்பத் திருத்தி வைத்திருக்கின்றன. ஃப்ளோரிடா, என்.எஃப்.பி.ஏ. எனப்படும் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1 என்ற வேறொன்றைப் பின்பற்றுகிறது. எண்கள் சிறிது மாறும் என்பதால் உள்ளூர்ப் பதிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரி விதிப்படி தீயணைப்பு வண்டியின் பாதை 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். அகலத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். பாதையின் குறுக்கே பேனரும் விளக்குச் சரமும் கட்டி உயரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஹைட்ரன்ட்டைச் சுற்றி 3 அடி, கட்டடச் சுவரில் ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்குத் தீயணைப்பு வீரர்கள் குழாய் மாட்டும் பித்தளை வாயின் முன்னால் 3 அடி காலி வேண்டும். வேலி போடும்போது இந்த வாய் வேலிக்குப் பின்னால் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. கடையின் அவசர வெளிவழிக் கதவு திறந்து நேரே வேலிக்குள் முடிந்தாலும் ஒப்ப மாட்டார்கள்.

கூடாரம் போட்டால் தனி அனுமதியா?

மாதிரி விதிப்படி 400 சதுர அடிக்கு மேல் போனால் தீயணைப்புத் துறையின் தனி அனுமதி வேண்டும். 20க்கு 20 கூடாரம் சரியாக 400, ஆகவே அதற்கு இந்த அனுமதி தேவைப்படாது. நான்கு பக்கமும் திறந்த கூடாரம் என்றால் 700 சதுர அடி வரை விலக்கு உண்டு, ஆனால் கட்டடத்திலிருந்தும் அடுத்த கூடாரத்திலிருந்தும் 12 அடி தள்ளி இருக்க வேண்டும். சின்னக் கூடாரங்களை ஒட்டி ஒட்டிப் போட்டால் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள்.

அனுமதி தேவைப்படும் அளவுக்குப் போனால் இடம் நிறையச் சாப்பிடும். கட்டடம், மனை எல்லை, வேறு கூடாரம், நிற்கும் கார் இவற்றிலிருந்து 20 அடி விலகல் என்பது பொது விதி. கயிறு கட்டும் ஆணியும் கூடாரத்தின் பகுதியாகவே அளக்கப்படும். பக்கத்துணி தொங்கும் 20க்கு 30 கூடாரத்தைச் சுற்றி 20 அடி விட்டால் 60க்கு 70, அதாவது 4,200 சதுர அடி. 26 கார் கட்டங்களின் பரப்பு அது. நிழல் வலையும் திறந்த மேசையும் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

துணி எளிதில் தீப்பிடிக்காதது என்பதற்கு என்.எஃப்.பி.ஏ. 701 சான்று வேண்டும். துணியிலேயே லேபிள் தைத்திருக்கும். பழைய கூடாரத்தில் வெயிலில் எழுத்து அழிந்து வெள்ளைச் சீலை மட்டும் மிஞ்சியிருக்கும், அது செல்லாது. வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம் காகிதச் சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். பக்கச் சுவர்த் துணிக்கும் தனிச் சான்று தேவை என்பதை மறக்கிறார்கள்.

வளைகுழாய்களின்மேல் பாலித்தீன் போட்ட பசுமைக்குடிலுக்குள் வாடிக்கையாளர் நுழைந்தால் அதையும் கூடாரம் போலவே நடத்துவார்கள். நாற்றுப்பண்ணையில் போடும் சாதாரண பாலித்தீனுக்கு இந்தச் சான்று கிடையாது. சான்றுள்ளதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கூடாரத்துக்குள் எந்த இடத்திலிருந்தும் வெளிவழி 100 அடிக்குள், தீயணைப்பான் 75 அடி நடைக்குள், ஜெனரேட்டர் 20 அடி தள்ளி. புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை.

தார்த் தரையில் கூடாரத்தை எப்படி நிறுத்துவது?

ஆணி அடிப்பதானால் முதலில் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். நிலத்தடிக் கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று வந்து வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். கட்டணம் இல்லை. சில வேலைநாள் ஆகும். ஆனால் அவர்கள் குறிப்பது பொதுச் சேவை நிறுவனங்களின் கம்பிகளை மட்டும். பார்க்கிங் விளக்குக் கம்பத்துக்குப் போகும் கம்பி கடை உரிமையாளருடையது, அதை அவர்கள் குறிக்க மாட்டார்கள். ஆணி துளைப்பது பெரும்பாலும் அதைத்தான்.

எடை வைத்து நிறுத்துவதே நல்லது. 10க்கு 10 கூடாரத்துக்குக் காலுக்கு 40 பவுண்டு என்று பல ஊர்கள் கேட்கின்றன. 5 கேலன் வாளி நிறைய நீர் ஏறத்தாழ 42 பவுண்டு. கணக்குக்கு அது சரிதான், ஆனால் வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் அது ஆடிக் கூடாரத்தையும் ஆட்டும். காலின் அடியிலேயே இறுக்கிக் கட்டுங்கள். பெரிய கூடாரத்துக்கு 55 கேலன் பீப்பாய், நிறைந்தால் சுமார் 459 பவுண்டு. எத்தனை பீப்பாய் என்பதைக் கூடாரத் தயாரிப்பாளரின் காற்றுக் கணக்கிலிருந்து எடுங்கள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் நகராட்சிக்கு என்ன?

நிறைய இருக்கிறது. பார்க்கிங்கின் வடிகால் மூடிக்குள் போகும் நீர் பெரும்பாலான ஊர்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேரே ஓடைக்குப் போகும். தொட்டியிலிருந்து வடியும் பழுப்பு நீரில் மண்ணும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. கூட்டாட்சித் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் அந்த வடிகாலுக்குப் பொறுப்பு நகராட்சி. அதனால்தான் பொதுப்பணித் துறை இதில் கையெழுத்திடுகிறது.

வடிகால் மூடியை விற்பனைப் பகுதிக்குள் வராமல் அமையுங்கள். முடியாவிட்டால் மூடியைச் சுற்றி வடிகட்டி உருளைகளைப் போடுங்கள். மூடிமேல் பாயை விரித்து அடைத்துவிட்டால் அடுத்த மழைக்குப் பார்க்கிங் குளமாகும். உரமூட்டைகளைச் சரிவின் மேல்பக்கம், பலகைமேல், கூரைக்கடியில் வையுங்கள். ஒரு மூட்டை கிழிந்தால் பச்சை நீலக் குருணைகள் தார்மேல் சிதறிக் கிடக்கும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவத்தான் கை போகும், அதைச் செய்யவே கூடாது. துடைப்பத்தால் கூட்டி அள்ளிப் பையில் போடுங்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது வடிகால் கம்பிகளுக்கிடையே அந்தக் குருணை தெரிகிறதா என்றுதான்.

குழாய் வாயில் பின்னோட்டத் தடுப்பான் கட்டாயம். ஹோஸ் முனை உர வாளிக்குள் கிடக்கும்போது தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால் உரநீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படும். சாதாரண ஹோஸுக்குக் குழாயில் திருகும் சிறிய தடுப்பான் போதும். தண்ணீரோடு உரத்தைக் கலந்து விடும் கருவி பொருத்தினால் அதைவிடப் பலமான தடுப்பான் கேட்பார்கள்.

மின்சாரம்?

மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்புள்ள இணைப்பு, வெளியில் பயன்படுத்தத் தகுந்த கம்பி. வண்டி ஓடும் பாதைக்குக் குறுக்கே கம்பி போடாதீர்கள். மின்கலத்தில் ஓடும் பில்லிங் டேப்லெட் இருந்தால் பல கடைகளுக்குக் கம்பியே தேவைப்படாது.

செடி விற்கத் தனி உரிமம் உண்டா?

உண்டு, அது மாநில விவசாயத் துறையிடம். நகர அனுமதி கையில் இருந்தும் இது இல்லாமல் பிடிபடுபவர்கள் பலர். பல மாநிலங்கள் மரம், புதர், பல்லாண்டுச் செடிகளை நர்சரி ஸ்டாக் என்று வகைப்படுத்தி உரிமம் கேட்கின்றன. ஓராண்டுப் பூச்செடிக்கும் காய்கறி நாற்றுக்கும் விலக்குத் தரும் மாநிலங்களும் உண்டு. கடைக்கு ஏற்கெனவே உரிமம் இருந்தாலும் தற்காலிக இடம் வேறு முகவரி என்றால் அதற்கும் தனியாகத் தேவைப்படலாம்.

எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2021இல் கனடாவிலிருந்து வந்த பாக்ஸ்வுட் செடிகளோடு ஓர் அந்துப்பூச்சி அமெரிக்கச் சில்லறைக் கடைகள் வரை வந்துவிட்டது. கூட்டாட்சி விவசாயத் துறை அங்கிருந்து வரும் அந்தச் செடிகளையே நிறுத்தியது. இப்படி ஒன்று நடந்தால், உங்கள் கடைக்கு வந்த சரக்கு எது என்று ரசீதுதான் சொல்லும். தென் மாநிலங்களில் நெருப்பு எறும்புத் தடைப்பகுதியிலிருந்து மண்ணோடு வெளியே வரும் செடிக்குச் சான்று வேண்டும். எலுமிச்சை இனச் செடிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவருவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன, கேட்காமல் தருவிக்காதீர்கள்.

உரமும் பூச்சிமருந்தும் வெளியே வைக்கலாமா?

உரம், மழை படாமல் வைக்கலாம். பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் கடைக்குள்ளேயே வையுங்கள். வெயிலில் புட்டி உப்பும், லேபிள் உரியும், லேபிள் இல்லாததை விற்க முடியாது. விற்பனையாளர் உரிமம் கேட்கும் மாநிலங்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பாஸ்பரஸ் உள்ள புல்தரை உரத்தைத் தனியாகப் பிரித்து, அறிவிப்புப் பலகையோடு வைக்க வேண்டும். பார்க்கிங்கில் வைத்தாலும் அதே விதிதான்.

விற்பனை வரி?

கடையின் வரிப் பதிவே அதே முகவரிக்குப் போதும் என்பது வழக்கம். வேறு மனை என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் நிரந்தரப் பதிவு இல்லாதவருக்கு 90 நாள் வரையிலான தற்காலிகப் பதிவு உண்டு. அங்கே உணவு தரும் ஓராண்டுச் செடிக்கு விற்பனை வரி இல்லை, அலங்காரச் செடிக்கு உண்டு. தக்காளி நாற்றையும் சாமந்தியையும் ஒரே பில் குறியீட்டில் போட்டால் கணக்கு தவறும்.

வெளியாள் ஒருவர் எங்கள் பார்க்கிங்கை வாடகைக்குக் கேட்கிறார். என்ன வித்தியாசம்?

கடையே விற்பதையும் வெளியாள் விற்பதையும் பல ஊர்கள் வேறு வேறாகப் பார்க்கின்றன. கடையின் வழக்கமான தொழிலோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று சில ஊர்கள் சொல்லும். வெளியாளுக்குத் தனித் தொழில் உரிமம், தனி வரிப் பதிவு, தனி இன்சூரன்ஸ் வேண்டும். ஒரு விபத்துக்கு 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு என்பது வழக்கமான அளவு. நகரத்தையும் நில உரிமையாளரையும் கூடுதல் காப்பீடு பெறுபவர்களாகச் சேர்க்கச் சொல்வார்கள். சான்றிதழின் கீழே பெயரை எழுதுவது மட்டும் போதாது, பாலிசியோடு இணைக்கும் எண்டார்ஸ்மென்ட் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். இவர் விட்டுப்போகும் குப்பைக்கும் தரைச் சேதத்துக்கும் உங்களிடம்தான் கேட்பார்கள், ஆகவே முன்பணம் வாங்கிவையுங்கள்.

பேனர், கொடி?

பெரும்பாலும் தனி அனுமதி. தெரு வாயிலில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்காத தூரத்தில் வையுங்கள். மூட்டை அடுக்குக்கும் இதே விதி பொருந்தும்.

மூட்டை இறக்குவதில் எது கவனம்?

40 பவுண்டு மண் மூட்டை ஐம்பது அடுக்கினால் பேலட் எனப்படும் மரத்தட்டு ஒன்றின் சுமை 2,000 பவுண்டு. கோடை வெயிலில் தார் இளகி அதன் கால்கள் பதியும். அடியில் பிளைவுட் போடுங்கள். ஃபோர்க்லிஃப்ட்டைப் பயிற்சிச் சான்று பெற்றவர் மட்டுமே ஓட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் ஓட்டக் கூடாது என்பது கூட்டாட்சித் தொழிலாளர் விதி. சீசனுக்கு வேலைக்கு வரும் பள்ளி மாணவரிடம் சாவி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேலட்டை நகர்த்துவதைக் கடை திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

திறப்பதற்கு முந்தைய ஆய்வில் எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்?

பிளானில் வரைந்ததும் தரையில் இருப்பதும் வேறாக இருப்பதற்காக. வேலி நான்கு அடி வெளியே வந்திருக்கும். அந்த நான்கு அடி 24 அடி வண்டிப் பாதையை 20 ஆக்கும், அங்கே ஒரு பேலட் வந்தால் 16. வேலி போடும் முன்பே சுண்ணாம்பால் மூலைகளைக் குறித்து, ஒப்புதல் பெற்ற பிளானை வைத்து அளந்துவிடுங்கள். தீயணைப்பானின் ஆய்வுச் சீட்டு காலாவதியாகி இருப்பது அடுத்த காரணம்.

அனுமதி எத்தனை நாளுக்கு? அடுத்த ஆண்டுக்கும் செல்லுமா?

நாள் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. 30 நாள் தருவதும் உண்டு, 120 நாள் தருவதும் உண்டு. கூடாரத்துக்கு மாதிரித் தீ விதியின் உச்சவரம்பு ஒரே இடத்தில் 12 மாதத்தில் 180 நாள். இலையுதிர்காலப் பூசணிக்கும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் அதே இடத்தையே கேட்கப் போகிறீர்கள் என்றால் வசந்தத்தில் நாட்களைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். ஓராண்டில் இத்தனை தடவைதான் என்ற வரம்பும் இருக்கலாம். அமைக்கும் நாளும் பிரிக்கும் நாளும் கணக்கில் சேர்கிறதா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டுக்குப் புது விண்ணப்பம்தான், ஆனால் பிளான் மாறவில்லை என்றால் வேகமாக முடியும்.

அனுமதி வரும் முன்பே லாரி வந்துவிட்டது. விற்கத் தொடங்கலாமா?

வேண்டாம். பல ஊர்களில் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகக் கணக்காகும். மீறல் பதிவாகிவிட்டால் அடுத்த விண்ணப்பமும் கடினமாகும். செடிகளைக் கடைக்குப் பின்னால், ஏற்கெனவே சரக்கு இறக்க ஒப்புதல் உள்ள பகுதியில் வைத்து நீர் ஊற்றுங்கள். இன்னும் நல்லது, நாற்றுப்பண்ணையிடம் இரண்டு தவணையாக அனுப்பச் சொல்வது. நடைபாதை விதி அனுமதித்தால் முதல் தவணையை வாசலிலேயே விற்றுவிடலாம்.

நிராகரித்தால்?

எழுத்தில் காரணம் கேளுங்கள். இடம் மாற்றுவதாலோ அளவைக் குறைப்பதாலோ தீரும் காரணம் என்றால் திருத்திய பிளானைக் கொடுப்பதே குறுக்கு வழி. மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும். மேல்முறையீடு முடிவதற்குள் சீசன் முடிந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சீசன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அனுமதியின் கடைசி நாளுக்குள் எல்லாவற்றையும் எடுத்திருக்க வேண்டும், விற்பனையை நிறுத்தினால் மட்டும் போதாது. விற்காத பேலட்டுகளைத் திரும்ப எடுக்கும் தேதியைப் பண்ணையோடு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஆணித் துளைகளைத் தார் நிரப்பி அடையுங்கள், நீர் இறங்கினால் குளிர்காலத்தில் உறைந்து வெடிப்பு பெரிதாகும். கிழிந்த மூட்டை மண்ணைக் கூட்டி அள்ளுங்கள், வடிகட்டி உருளைகளை எடுத்துவிடுங்கள், அழிந்த கார் கட்டக் கோடுகளை மறுபடி போடுங்கள். நகராட்சியிடம் முன்பணம் கட்டியிருந்தால் காலி இடத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பி இறுதி ஆய்வுக்கு எழுதிக் கேளுங்கள்.